வெளிப்புறம் துலக்கிய பாத்திரம்

இவ்வாரத் தியானப் பகுதிகள்: மத்தேயு 23:23-26, எசேக்கியேல் 34:17-22, 1 இராஜாக்கள் 21:1-19

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



விடுமுறைக் காலத்தில் நம் சபைக் குடும்பங்கள் சில வெளிநாடு சென்றுவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. தேவன் கொடுத்த நன்மை அது. அதைக் குறித்து எனக்குச் சந்தோஷமே. அண்மைக் காலமாக அந்தப் பயணங்களில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பாலித் தீவுக்கோ, தாய்லாந்துக்கோ, இலங்கைக்கோ செல்லும் வாலிபர்கள் ஒருநாள் காலையைக் கடற்கரைத் துப்புரவுக்கென ஒதுக்குகிறார்கள். கையுறை அணிந்து, சாக்குப்பையில் பிளாஸ்டிக் குப்பைகளைச் சேகரித்து, குழுவாக நின்று எடுத்த படத்தைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். அதன் கீழே "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று வரிசையாகப் பதில்கள் வருகின்றன. அடுத்த ஆண்டு வாலிபர் ஐக்கியத்தின் சார்பிலேயே இப்படி ஒரு பயணம் ஏற்பாடு செய்யலாமே என்ற யோசனையும் என்னிடம் வைக்கப்பட்டுள்ளது.

அந்த யோசனைக்கு என் பதிலை இந்தத் தியானத்தின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன். அது உங்களில் சிலருக்கு உவப்பாயிராது. ஆயினும் பொறுமையோடு வாசியுங்கள்.

குப்பை பொறுக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. தேவன் ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். எந்த நாட்டுக் கரையானாலும் அது கர்த்தருடையதே. அந்நியனின் முற்றத்தைக் கூட்டிக் கொடுப்பதும் அன்பின் செயலே. நான் எதிர்ப்பது வேறொன்றை. எண்ணூரையும் காட்டுப்பள்ளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து சென்று ஒரு காலைப் பொழுது குப்பை பொறுக்கிவிட்டு, சிருஷ்டிப்பைக் குறித்த நம் கடமை நிறைவேறிவிட்டது என்று எண்ணிக்கொள்ளும் அந்தத் திருப்தியை எதிர்க்கிறேன். அது பக்தியின் தோற்றம் கொண்ட ஒரு தப்பித்தல்.

உட்புறத்தில் இருப்பது என்ன?

மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வேதபாரகரையும் பரிசேயரையும் நோக்கிப் பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் குறித்துப் பேசுகிறார். இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் தனிமனித உள்ளத்தின் பரிசுத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மனதில் பொறாமை, இச்சை, பெருமை வேண்டாம் என்று பிரசங்கித்து முடிக்கிறோம். ஆனால் பாத்திரத்தின் உள்ளே இருப்பதாக ஆண்டவர் முதலில் சொல்வது வேறு. கிரேக்க மூலத்தில் அங்கே வருவது "ஹர்பகே" என்ற சொல். பிறருடையதைப் பலவந்தமாகப் பறித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். அழுக்கு மனதில் மட்டும் இல்லை. பாத்திரத்தில் பரிமாறப்பட்ட உணவே பிறரிடமிருந்து பறித்தது. அந்த உணவை அப்படியே வைத்துக்கொண்டு பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துலக்குகிறீர்களே என்பதே அவருடைய கேள்வி.

கவனியுங்கள்: வெளிப்புறத்தைக் கழுவாதே என்று அவர் சொல்லவில்லை. முதலில் உட்புறம் என்கிறார். வரிசையை மாற்றினால் துப்புரவே மாய்மாலம் ஆகிவிடும். அதற்கு முந்தைய வசனத்தில் கொசுவை வடிகட்டுவதையும் ஒட்டகத்தை விழுங்குவதையும் பற்றிப் பேசுகிறார். கடற்கரையில் நின்று உறிஞ்சுகுழல்களை எண்ணி எடுக்கும் நாம், அதே கடலில் இறங்கும் குழாய்களைக் காணாதிருப்போமானால், அந்த வசனம் யாருக்குரியது?

நம் கரையின் கணக்கு

நம் கரையைப் பார்ப்போம். கரையைத் துப்புரவு செய்ய முதலில் கரை இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அலைத்தடுப்புச் சுவரில் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்று விரிந்தது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் எர்ணாவூரும் மணலை இழந்தன. இன்று நம் கடலோரத்தின் பெரும்பகுதியில் நீங்கள் காண்பது கொட்டப்பட்ட கருங்கற்களையே. நகரம் மாலைக்காற்று வாங்கும் மணல் யாருடைய வாசலிலிருந்து போயிற்று என்று கேட்பவர் அரிது.

இன்னும் வடக்கே செல்லுங்கள். எண்ணூர் முகத்துவாரம் கடந்து பழவேற்காடு நோக்கி நீளும் மணல்திட்டில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயுமாகக் கிடக்கிறது காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளத்துக்காக அங்கிருந்த குப்பத்து மீனவக் குடும்பங்கள் தங்கள் கரையை விட்டு இடம்பெயர்ந்தன. வாக்களிக்கப்பட்ட நிரந்தர வேலைக்காக அவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் போராட வேண்டியிருந்தது. 2010-இல் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாள்தோறும் 10 கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்டது. நம் வீட்டுக் குழாய்களில் வந்ததும், மணலி ஆலைகள் பயன்படுத்தியதும் அந்த நீரே. அதாவது, நாமும் காட்டுப்பள்ளியைக் குடித்திருக்கிறோம். 2013-இல் துறைமுகம் வந்தது. 2018-இல் அது அதானி குழுமத்தின் வசம் சென்றது. பின்னர் 330 ஏக்கர் அளவிலிருந்த துறைமுகத்தை ஏறத்தாழ 6,100 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலையே தூர்த்து உருவாக்கப்படுவது.

கொசஸ்தலையாற்றின் நிலையும் உங்களுக்குத் தெரியும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பைச் செப்பாக்கம் சாம்பற்குளத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து ஆற்றின் அடித்தரையை நிரப்பின. இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்த இடங்களில் இன்று கால் புதைவது சாம்பற்சேற்றில்.

இவற்றில் எதை நீங்கள் சாக்குப்பையில் பொறுக்கி எடுப்பீர்கள்?

வாளியோடு இறங்கியவர்கள்

நம் கரையில் துப்புரவுப் பணி நடக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே "பிடபிள்யூ மேப்பிள்", "டான் காஞ்சிபுரம்" என்னும் இரு கப்பல்கள் மோதின. கடலுக்குப் பாதிப்பு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பின்னர் கனரக எண்ணெய் எர்ணாவூர்க் கரையிலே தார்போல் வந்து ஒதுங்கியது. உறிஞ்சும் இயந்திரங்களால் அந்தத் தடித்த குழம்பை எடுக்க முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கருங்கற்களின்மேல் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். பலருக்கு முறையான கையுறையும் முகக்கவசமும் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து சென்ற வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் பரவியது. மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் கழகத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை மாசு கட்டுப்பாட்டு வாரியம் சுட்டியது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அலையாத்தி மரங்களின் வேர்களும், படகுகளும், வலைகளும், கூழைக்கடாக்களின் சிறகுகளும் கறுத்தன. அப்போதும் ஆற்றில் இறங்கியவர்கள் எண்ணூர் மீனவர்களே. குடிக்கும் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் தலா 12,500 ரூபாய்.

அந்தக் கறை காயுமுன்பே, டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. சுனாமியில் மாண்டவர்களுக்காகக் கடலில் பாலும் மலரும் தூவிய அதே நாளின் இரவில், அதே ஜனங்கள் மூச்சுத்திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அநேகர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதன்பின் பல வாரங்கள் அவர்கள் பந்தலிட்டு அமர்ந்து போராடினார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். கடற்கரைத் துப்புரவு விருப்பத்தின்பேரில் செய்யும் ஒரு நற்செயலாக நமக்கு இருக்கலாம். எண்ணூர்க்காரருக்கு அது அப்படியல்ல. பிறர் கொட்டியதைத் தம் வெறுங்கையால் அள்ளினால்தான் மறுநாள் அடுப்பெரியும் என்ற கட்டாயம் அது. அவர்களுக்கு யாரும் பனியன் கொடுத்துப் படம் எடுப்பதில்லை.

கையால் எறிந்ததும் குழாயால் கொட்டியதும்

குப்பையில் இரு வகை உண்டு. ஒன்று கையால் எறியப்படுவது. மற்றொன்று குழாயாலும் கப்பலாலும் கொட்டப்படுவது. நாம் நடத்தும் துப்புரவு நாட்கள் முதல் வகையை மட்டுமே காண்கின்றன. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கி இன்று செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று உலகெங்கும் நடைபெறும் கடலோரத் துப்புரவு நாளில், தொடக்கத்திலிருந்தே ஒரு நல்ல பழக்கம் இருந்தது: எடுத்த ஒவ்வொரு பொருளும் என்ன என்று எழுதிவைப்பது. யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்காகவே அந்தக் குறிப்பு. நம் கொண்டாட்டத்தில் மூட்டைகளின் எண்ணிக்கை மிஞ்சியது. அந்தக் கேள்வி தொலைந்தது.

கேள்வி தொலைந்தால் என்ன ஆகும்? எல்லாரும் சமமாகக் குற்றவாளிகள் என்ற பொய் பிறக்கும். தண்ணீர்ப் பாக்கெட்டை எறிந்த மீன்காரம்மாவும், ஆற்றில் எண்ணெயைவிட்ட ஆலையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவார்கள். "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று நாம் பெருமூச்சு விடுவோம். ஆலை நிர்வாகங்களே துப்புரவு நாளுக்குத் தொப்பியும் குடிநீரும் வழங்கும். நாமும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம்.

எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் இந்தப் பொய்யை உடைக்கிறது. தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மிஞ்சியதைக் காலால் கலக்கிவிடும் ஆடுகளைக் கர்த்தர் அங்கே விசாரிக்கிறார். கலங்கிய நீரைக் குடிக்க நேர்ந்த மெலிந்த ஆடுகளோடு கொழுத்த ஆடுகளை அவர் ஒன்றாகச் சேர்க்கவில்லை. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நியாயம் தீர்க்கிறார். இரு சாராரும் ஒரே மந்தை என்பதை மறவாதீர்கள். கலக்கியது வெளியிலிருந்து வந்த ஓநாய் அல்ல.

கடல் கடந்தும் கற்றுக்கொள்ளலாம்

வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா? உண்டு. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே "எக்ஸ்-பிரஸ் பேர்ல்" என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களோடு வந்த அந்தக் கப்பல் ஜூன் மாதத் தொடக்கத்தில் மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகளை அது சுமந்து வந்தது. நீர்கொழும்புப் பகுதிக் கரைகள் பனி பெய்ததுபோல் வெளுத்தன. ஆமைகளும் ஓங்கில்களும் செத்து ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. ஜனங்கள் சல்லடை கொண்டு மணலை மாதக்கணக்கில் சலித்தார்கள்.

ஆனால் சல்லடையோடு அவர்கள் நிற்கவில்லை. மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் உச்சநீதிமன்றம் சென்றார்கள். அவர்களோடு மனுதாரராக நின்றவர்களில் ஒருவர் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித். வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்தது. 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய "எம்எஸ்சி எல்சா 3" கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் நம் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்துசேர்ந்தன.

ஒரு திருச்சபைத் தலைவர் கரையில் நின்று ஜெபித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் தம் பெயரை மனுவில் எழுதினார். நம் வாலிபர் இலங்கை செல்வதானால் குப்பை பொறுக்க வேண்டாம். நீர்கொழும்பு மீனவரோடு ஒரு மாலை அமர்ந்து, வழக்கை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தப் பயணத்துக்கு நான் மனமுவந்து கையெழுத்திடுவேன்.

"ஐயா, இது அரசியல் அல்லவா?"

இந்தக் கேள்வி வரும் என்று அறிவேன். இன்னொரு கேள்வி வாய்திறவாமல் வரும் என்றும் அறிவேன்: "ஐயா, நாங்கள் அந்த ஆலைகளில்தானே வேலை செய்கிறோம்? சபையின் காணிக்கையும் கட்டட நிதியும் அங்கிருந்துதானே வருகின்றன?"

உண்மை. நம் சபையில் சுத்திகரிப்பு ஆலையிலும், அனல்மின் நிலையத்திலும், துறைமுகங்களிலும் உழைப்பவர்கள் உண்டு. உங்கள் உழைப்பை நான் இழிவாகப் பேசவில்லை. வேலையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. கசிவு நேர்ந்தால் முதலில் மூச்சுத்திணறுவது நீங்களே. ஆனால் ஆகாபின் சரித்திரத்தை மீண்டும் வாசியுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ராஜா இலவசமாகக் கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். நாகரிகமான பேரம்தான். நாபோத்துக்கோ அது விலைபொருள் அல்ல. பிதாக்கள் விட்டுச்சென்ற சுதந்தரம். காட்டுப்பள்ளி மீனவரிடம் கடலுக்கு விலை பேசுவோர் இந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டும்.

அந்தக் கொலையை யெசபேல் தன் கையால் செய்யவில்லை என்பதையும் பாருங்கள். அவள் எழுதியது கடிதம். அதை நிறைவேற்றியவர்கள் அதே பட்டணத்து மூப்பர்கள். நாபோத்தின் அயலார் அவர்கள். கடிதத்தை வாசித்தார்கள், ஒருவரும் மறுக்கவில்லை. அதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட வழி என்ன தெரியுமா? உபவாசம் கூறினார்கள்! அநியாயத்தை ஒரு பக்தி முயற்சியால் மூடினார்கள். மூப்பர் மௌனமாயிருந்த ஊரில் பேசுவதற்குக் கர்த்தர் எலியாவை அனுப்பவேண்டியதாயிற்று. எலியா பேசியது அரசியல் என்றால், நானும் அந்த அரசியலையே பேசுகிறேன்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் "கொர்பான்" என்ற வழக்கத்தைக் கண்டிக்கிறார். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து விலகிவிடலாம் என்பது அந்த ஏற்பாடு. தூரத்து நற்செயல் ஒன்றைக் காட்டி அருகிலுள்ள கடமையைத் தட்டிக்கழிக்கும் கலை அது. பாலிக் கரையில் எடுத்த படம் நம் காலத்துக் கொர்பான் ஆகிவிடக் கூடாது.

செய்யத்தக்கவை

வாலிபர் ஐக்கியத்துக்கு நான் முன்வைக்கும் மாற்றுத் திட்டம் இது. வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவிட எண்ணிய நாட்களில் எண்ணூர், காட்டுக்குப்பம், காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஆகிய இடங்களுக்குச் செல்லுங்கள். உபதேசிக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். ஆற்றில் இறால் பிடிக்கும் பெண்களிடம், பத்தாண்டுக்கு முன் என்ன கிடைத்தது, இன்று என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் பிடித்ததைப் பேரம் பேசாமல் விலைகொடுத்து வாங்குங்கள்.

சபையிலுள்ள பொறியாளர்களே, வழக்கறிஞர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களுக்குப் பொது விசாரணை நடத்தக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் ஒரு நாள் குறிக்கப்படலாம். அந்த நாளில் மீனவர் தனியே நிற்கக் கூடாது. அறிக்கையை வாசித்து, எளிய தமிழில் விளக்கி, எழுத்துப்பூர்வமாகக் கருத்தளிக்க அவர்களுக்குத் துணைநில்லுங்கள். பிலிப்பு ஓடிப்போய் இரதத்தில் ஏறி அமர்ந்து விளக்கிக்கொடுத்தது போன்ற ஊழியம் அது.

ஆலைகளில் பணிபுரிகிறவர்களே, குழாய் எப்போது பழுதுபார்க்கப்பட்டது, வெள்ளநீர் எங்கே போகிறது என்று கேட்கும் இடத்தில் தேவன் உங்களை வைத்திருக்கிறார். எஸ்தர் அரண்மனையில் வைக்கப்பட்டது எதற்காக என்று சிந்தியுங்கள்.

சபையாராகிய நாம் அனைவரும் நம் அன்பின் விருந்தில் பிளாஸ்டிக் தட்டையும் குவளையையும் ஒழிப்போம். சிறியதுதான். ஆனால் உட்புறத்தைக் கழுவத் துணிந்த பிறகு வெளிப்புறமும் சுத்தமாகும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

உயிர்த்தெழுந்த கர்த்தர், இராமுழுதும் ஒன்றும் அகப்படாமல் களைத்திருந்த மீனவரைத் தேடிக் கடலோரத்துக்கு வந்தார். கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டு, அவர்களைச் சாப்பிட அழைத்தார். வலையில் ஒன்றும் அகப்படாத மீனவர் இன்றும் நம் கரையில் இருக்கிறார்கள். அவரைச் சந்திக்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

ஜெபம்: பரலோகப் பிதாவே, கடலையும் அதிலுள்ள யாவற்றையும் உண்டாக்கினவர் நீரே. கலங்கிய நீரைக் குடிக்கும் உம்முடைய ஜனத்தின் கூக்குரலை நாங்கள் கேட்கச் செய்யும். பேசவேண்டிய இடத்தில் பேசும் வாயை எங்களுக்குத் தாரும். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு மீனவக் குடும்பங்களைக் காத்து, அவர்கள் வலைகளை நிரப்பும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்